நோயுற்ற மன்னரும் நோன்பு நோற்ற மக்களும்

1988 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆம் திகதி இரவு யப்பானியப் பேரரசர் ஹிரோஹித்தோ இரத்த வாந்தி எடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது 87. அரியணையேறி ஏறத்தாழ அறுபத்திரண்டு ஆண்டுகளாகியிருந்தன. அன்று தொடங்கி 1989 சனவரி 7 ஆம் திகதி காலை அவர் உயிர் பிரியும்வரை கழிந்த நாட்கள் நூற்றுப்பதினொன்று. இந்த நாட்களில் உலகின் இரண்டாவது பெரிய முதலாளித்துவ நாடு, மின்னணுக் கருவிகளையும் மோட்டார் வண்டிகளையும் உலகெங்கும் விற்றுக் கொழித்த நாடு, ஒரு முதியவரின் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கொண்டிருந்தது என்பதை நாம் அணியாகக் கூறவில்லை. உடல் வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சின் தொகை, உட்குருதி வடிதல், அன்று ஏற்றப்பட்ட இரத்தத்தின் அளவு ஆகியவை நாள்தோறும் பலமுறை தொலைக்காட்சித் திரையில் எண்களாகத் தோன்றின. மரணம் நிகழ்ந்தபோது, ஏற்றப்பட்ட இரத்தம் மொத்தமாக 31 லீற்றருக்கு மேற்பட்டிருந்தது. அரண்மனை வாயில்களின் முன்னே பத்திரிகையாளர்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தனர். எந்த வைத்தியரின் வண்டி எந்நேரத்தில் உள்ளே நுழைந்தது என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. அரண்மனையிலும் மாகாண அலுவலகங்களிலும் நகரசபைகளிலும் நலம் வேண்டிப் பெயர் பதியும் ஏடுகள் திறக்கப்பட்டன. மழையில் குடைபிடித்தவாறு மக்கள் வரிசையில் நின்றனர். கையெழுத்திட்டோர் தொகை பல மில்லியனைத் தாண்டியது.

இவற்றுள் ஒன்று மட்டும் மறைக்கப்பட்டது. நோயின் பெயர்! 1987 செப்டெம்பரில் பேரரசருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. யப்பானிய மன்னர் ஒருவரின் வயிற்றிற் கத்திபட்டது அதுவே முதன்முறை என்பர். அப்போதே புற்றுநோய் தெரியவந்திருந்தும் நோயாளிக்கு அது கூறப்படவில்லை. நோயாளி அறியாததைக் குடிமக்கள் அறியலாகாது என்பது அரண்மனையின் நியாயம். ஓரிரு செய்தி நிறுவனங்கள் செப்டெம்பர் இறுதியில் உண்மையை வெளியிட்டபோதும், முறையான அறிவிப்பு மரணத்தின் பின்னரே வந்தது. நாடித்துடிப்பின் எண்ணிக்கையெல்லாம் தெரிந்த மக்களுக்கு நோய் என்னவென்று தெரிவதற்கு உரிமையில்லை. பக்திக்கு விவரம் வேண்டும். உண்மை வேண்டியதில்லை போலும்.

இந்தக் காலத்தைக் குறித்து யப்பானியர் பயன்படுத்திய சொல் ‘ஜிஷுக்கு’ என்பது. தன்னைத்தானே அடக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். இலையுதிர்காலம் அந்நாட்டில் அறுவடைத் திருவிழாக்களின் காலம். பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகளும் அப்போதுதான் நடைபெறும். அவ்வாண்டு ஊருக்கு ஊர் திருவிழாக்கள் நிறுத்தப்பட்டன. வாணவேடிக்கைகள் கைவிடப்பட்டன. திருமண விருந்துகள் பின்போடப்பட்டன. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளிலே வாழ்த்து என்னும் எழுத்தைப் பொறிக்கலாமா என்று அச்சகங்கள் தயங்கின. ஒக்ரோபரில் சூனிச்சி டிராகன்ஸ் என்னும் பேஸ்போல் குழு வெற்றிவாகை சூடியபோது, வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பியர் ஊற்றிக் களிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. நிசான் நிறுவனத்தின் மோட்டார் விளம்பரத்திலே பாடகர் ஒருவர் வண்டியிலிருந்தபடி, யாவரும் நலந்தானா என்று நேயர்களை விசாரிப்பார். நலம் விசாரிப்பதும் குற்றமாய்விடுமோ என்றஞ்சி ஒலியை மட்டும் நீக்கிவிட்டார்கள். ஊமைப் படத்திற் போலப் பாடகர் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்.

இதனைக் கண்டு நகைப்பது எளிது. மேலைநாட்டுச் செய்தியாளர் பலர் நகைக்கவே செய்தனர். கீழைத்தேயத்தின் மாறாத மருமம் என்று எழுதித் தம் கடமையை முடித்துக்கொண்டனர். நமக்கு அந்த வழி உதவாது. ஒரு சமுதாயத்தின் நடத்தையை அதன் இரத்தத்தில் ஊறிய இயல்பு என்று விளக்குவது விளக்கமே அன்று. இத்தகைய பக்திக்கு ஒரு பிறப்புண்டு. பிறந்த திகதியும் ஏறத்தாழத் தெரியும். அதனைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

1868 ஆம் ஆண்டிற்கு முன் யப்பானிய விவசாயிக்குப் பேரரசர் யாரென்பது தெளிவாகத் தெரியாது. அவன் அறிந்த அதிகாரம் வரிக்கு நெல் அளக்கும் பிரபுவின் அதிகாரம். பேரரசர் கியோத்தோ நகரில் திரைக்குப் பின்னால், சடங்குகளின் நடுவே வாழ்ந்த ஓர் உருவம். மெய்ஜி ஆட்சியை நிறுவிய புதிய ஆளும் வர்க்கத்தினருக்கு நாட்டை ஒரு சந்தையாகவும் ஒரு படையாகவும் ஒன்றிணைக்க ஒரு சின்னம் தேவைப்பட்டது. அவர்கள் அந்த உருவத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 1872 தொடங்கி 1885 வரை ஆறு பெருஞ் சுற்றுப்பயணங்களில் இளம் பேரரசர் நாடெங்கும் அழைத்துச் செல்லப்பட்டார். பயணம் செல்லாத இடத்துக்குப் படம் சென்றது. படம் சென்ற இடம் எது? பாடசாலை!

ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் ஏடாதலின் இவ்விடத்திற் சற்று நின்று செல்கிறோம். 1890 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ‘கல்வி பற்றிய பேரரசக் கட்டளை’ வெளியிடப்பட்டது. அதன் பிரதி ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பப்பட்டது. விழாநாட்களில் தலைமையாசிரியர் அதனை எடுத்து வாசிப்பார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராது நிற்பர். மன்னரின் படமும் கட்டளைச் சுருளும் வைப்பதற்கெனப் பாடசாலை வளவில் தனிக் கட்டடங்கள் எழுந்தன. தீவிபத்திலும் கடல்கோளிலும் அப்படத்தைக் காக்கச் சென்று உயிர்விட்ட ஆசிரியர்கள் உத்தமர்களாகப் போற்றப்பட்டனர். பிள்ளைகளைக் காக்கச் சென்று உயிர்விட்டோரினும் படத்தைக் காக்கச் சென்றோரே பெரியோராயினர் என்றால் அந்தக் கல்வியின் இலட்சியம் எதுவென்று கூறவும் வேண்டுமோ?

1891 சனவரியில் டோக்கியோவின் முதலாவது உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியராயிருந்த உச்சிமுரா கன்சோ என்பவர், மன்னரின் கையொப்பமிட்ட கட்டளையின் முன் போதிய அளவு குனியவில்லை என்று குற்றஞ் சாட்டப்பட்டார். அவர் கிறித்தவர், நாட்டுப்பற்றில் எவருக்கும் குறைந்தவரல்லர். குனிந்த பாகையளவுதான் போதவில்லை. கண்டனங்களின் நடுவே அவர் கடுங்காய்ச்சலிற் படுத்தார். படுக்கையிற் கிடந்த வேளையிலேயே பதவி பறிபோயிற்று. மன்னரின் நோய்க்காக நாடு மண்டியிடுவதற்கு இருபத்தோராண்டு முன்னர் ஓர் ஆசிரியரின் நோய் இப்படிக் கழிந்தது.

1912 சூலை 20 ஆம் திகதி மெய்ஜிப் பேரரசரின் கடும் நோய் அறிவிக்கப்பட்டது. நீரிழிவும் சிறுநீரக நோயும் அவரை நெடுங்காலம் வருத்தியிருந்தன. அறிவித்த நாள் முதல் வெப்பநிலை, நாடி, மலசல விவரம் ஈறாகப் பத்திரிகைகளில் வந்தன. முன்னர் எவருங் காணக்கூடாத தெய்வமாயிருந்த உடம்பு, கடைசிப் பத்து நாட்களில் நாட்டு மக்கள் யாவருக்கும் தெரிந்த உடம்பாயிற்று. அரண்மனை முன்றிலில், நிஜுபாஷி என்னும் பாலத்தருகே ஆயிரக்கணக்கானோர் சரளைக் கல்லில் மண்டியிட்டு இரவிலும் வேண்டுதல் செய்தனர். கோயில்களிற் பூசைகள் நடந்தன. அகழியோரமாகச் சென்ற ட்ராம் வண்டிகள் ஓசையெழாதவாறு மெதுவாகச் செலுத்தப்பட்டன. சூலை 30 இல் மன்னர் இறந்தார். செப்டெம்பர் 13 இல், இறுதி ஊர்வலம் புறப்பட்ட இரவில், படைத்தலைவர் நோகி தம் மனைவியோடு தற்கொலை செய்துகொண்டார்.

அந்தக் கூட்டம் கூலிக்கு அழைத்துவரப்பட்ட கூட்டமன்று. எவரும் அவர்களைத் துப்பாக்கி முனையில் மண்டியிடச் செய்யவில்லை. முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் சிலர் மக்களின் இத்தகைய உணர்ச்சிகளை அறியாமை என்று ஒரு சொல்லாற் புறந்தள்ளுவதுண்டு. அது மக்களை அறியாதாரின் பேச்சு. அவர்களுட் பலர் கிராமத்தை விட்டு நகரத்து ஆலைகளுக்கு வந்தவர்கள். ருசிய யுத்தத்தில் மகனையோ தமையனையோ பலிகொடுத்தவர்கள். மகன் எதற்காக இறந்தான் என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்த விடை ஒன்றே: மன்னருக்காக. அந்த மன்னரும் இறந்துபோவாரானால் விடையும் போய்விடும். துயரம் மெய்யானது. அதற்கு வாய்க்கால் வெட்டியவர்கள் வேறு ஆட்கள்.

வாய்க்காலை வெட்டியதோடு மற்ற வழிகளை அடைத்ததும் உண்டு. சமதர்மவாதி கோத்தொக்கு ஷுசுயியும் தோழர்களும் மன்னரைக் கொல்லச் சதிசெய்தனர் என்ற வழக்கில் 24 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பன்னிருவருக்கு மன்னரின் கருணையால் தண்டனை குறைக்கப்பட்டது என்று அறிவித்தனர். ஏனைய பன்னிருவர் 1911 சனவரியில் தூக்கிலிடப்பட்டனர். கன்னோ சுகா என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். பலர்மேல் சுமத்திய குற்றத்துக்கு ஆதாரமே இருக்கவில்லை என்பது பின்னாளைய ஆராய்ச்சியாளர் முடிபு. ஆகவே 1912 இல் அரண்மனை முன்றிலில் மண்டியிடாதவன் எங்கே நின்றிருப்பான் என்று கேட்டால், அவனுக்கு நிற்க இடமிருக்கவில்லை என்பதே விடை.

ஒருவர் மட்டும் தம் நாட்குறிப்பில் நின்றார். நாவலாசிரியர் நத்சுமே சோசெக்கி. சுமிதா ஆற்றங்கரையின் கோடை விழா நிறுத்தப்பட்ட செய்தியைக் கேட்டு, மன்னர் இன்னும் இறக்கவில்லையே, விழாவைத் தடை செய்வானேன், இதனாற் பிழைப்பிழக்கும் சிறு மனிதர் எத்தனை பேர் என்ற கருத்துப்பட அவர் எழுதிவைத்தார். சோசெக்கி புரட்சிக்காரர் அல்லர். மன்னரிடம் மரியாதை கொண்டவரே. ஆயினும் மிட்டாய் விற்பவனும் படகோட்டியும் அவர் கண்ணுக்குத் தெரிந்தனர். அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியவில்லை.

1926 இல் தைஷோப் பேரரசர் நோயுற்று இறந்ததைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பிள்ளைப் பருவந் தொட்டே நோயாளியான அவரை 1921 முதல் ஒதுக்கிவைத்து, மகன் ஹிரோஹித்தோவை ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தியிருந்தனர். இம்முறை புதிதாகச் சேர்ந்தது வானொலி. அதற்கு முந்திய ஆண்டு தொடங்கப்பட்ட வானொலி, நோய் விவரத்தை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. அதே 1925 இல் வந்த அமைதிகாப்புச் சட்டம், அரசமைப்பை மாற்ற நினைப்போரைச் சிறைக்குக் கொண்டுசென்றது. அச்சட்டத்தின் நிழலிலேதான் எழுத்தாளர் கொபயாஷி தக்கிஜி வாழ்ந்தார். நண்டு பதனிடும் கப்பலொன்றின் தொழிலாளரைப் பற்றிய அவருடைய நாவலில், பேரரசருக்குக் காணிக்கையாக அனுப்பும் நண்டுத் தகரங்களைக் குறித்துத் தொழிலாளர் கசப்போடு பேசும் ஒரு பகுதிக்காகவே அரச நிந்தனை வழக்கு அவர்மேல் தொடுக்கப்பட்டது. 1933 பெப்ரவரி 20 ஆம் திகதி பொலிசாரின் சித்திரவதையால் அவர் இறந்தார். வயது 29.

அடுத்து வந்த பன்னிரண்டு ஆண்டுகளை ஆசியா அறியும். நாமும் அறிவோம். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின் மேல் குண்டு வீழ்ந்தது. 9 ஆம் திகதி திருகோணமலை. அவ்விமானங்கள் பறந்தது ஹிரோஹித்தோவின் பெயரால். மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயிற்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்ரோபரில் முடிவுற்றபோது அவர்களுட் பெருந்தொகையினர் வாந்திபேதியிலும் பசியிலும் காட்டிலே மாண்டிருந்தனர். நேச நாட்டுக் கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு. பெயர்ப் பலகைகள் உண்டு. இவர்களுட் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை. அதே காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பாடசாலைப் பிள்ளைகள் காலையில் டோக்கியோ இருக்குந் திசை நோக்கித் தலைவணங்க வேண்டும். 1890 இன் கட்டளை ஐம்பது ஆண்டுகளிற் கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்திருந்தது.

யுத்தம் முடிந்தது. அமெரிக்கர் தங்கள் நலன் கருதிப் பேரரசரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாது விட்டனர். 1946 புத்தாண்டு நாளில் தாம் தெய்வமல்லர் என்ற பொருள்பட அவர் அறிக்கை விடுத்தார். 1947 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அவரை நாட்டின் சின்னமாக்கிற்று. தோஜோவும் வேறு அறுவரும் 1948 டிசெம்பரில் தூக்கிலேறினர். 1975 ஒக்ரோபரில் ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் யுத்தப் பொறுப்பைப் பற்றிக் கேட்டபோது, இத்தகைய சொற்பிரயோகங்கள் இலக்கியத் துறை சார்ந்தவை, தாம் அத்துறையைக் கற்றவரல்லர் என்ற வகையில் அவர் மறுமொழி கூறினார். பல மில்லியன் மக்களின் சாவு சொல்லழகுப் பிரச்சினையாயிற்று!

இப்போது 1988 இற்குத் திரும்புவோம். 1912 இற்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அன்று சட்டமும் பொலிசும் இருந்தன. இன்று அரசு வெளிப்படையாக ஓர் ஆணையும் பிறப்பிக்கவில்லை. எவரும் எவரையும் தடுக்கவில்லை; எல்லாரும் தம்மைத்தாமே தடுத்துக்கொண்டனர். அடுத்த ஊர் விழாவை நிறுத்தினால் நம்மூர் எப்படி நடத்துவது என்று ஊர்ச்சபைகள் நினைத்தன. போட்டி நிறுவனம் விளம்பரத்தைத் திருத்தினால் நாம் எப்படித் திருத்தாமல் விடுவது என்று வணிக நிறுவனங்கள் நினைத்தன. ஒலிபெருக்கி வண்டிகளில் உலாவரும் வலதுசாரிக் குண்டர் கூட்டங்களைப் பற்றிய அச்சமும் இருந்தது; அதைவிட, ஊர்வாய்க்குத்தான் அச்சம் அதிகம். இழப்பு யாருக்கு? திருவிழாவில் கடைபோடும் சிறு வியாபாரிக்கும், மேளகாரருக்கும், மலர் வளர்ப்போருக்கும், அச்சுத் தொழிலாளிக்கும். சோசெக்கி கண்ட அதே சிறு மனிதர்கள்தாம், எழுபத்தாறு ஆண்டுகளின் பின்னர். கடைசியில் ஒக்ரோபர் மாதத்தில், மிகையான அடக்கம் தம் தந்தையாரின் மனத்துக்கு ஒவ்வாது என்று முடிக்குரிய இளவரசரே கூறவேண்டியதாயிற்று. மன்னரின் மகனுக்கு இருந்த நிதானம் மோட்டார்க் கம்பனிகளுக்கு இருக்கவில்லை.

ஆயினும் அடக்கத்தின் உண்மையான பயன் வேறிடத்தில் இருந்தது. ஒரு நோயாளியின் படுக்கையருகே கணக்குக் கேட்பது பண்பன்று என்பது எல்லாச் சமுதாயத்திலும் உள்ள நாகரிகம். அந்த நல்ல நாகரிகமே ஒரு நாட்டின் வாயை மூடும் துணியாயிற்று. நான்கு மாத காலம் செய்தித்தாள்களிலும் திரையிலும் பவனிவந்தவர், கடலுயிர் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அமைதியான முதியவர், சமாதானத்தை விரும்பியவர், நாட்டை அழிவிலிருந்து காத்தவர். நான்கிங் எங்கே? கொரியா எங்கே? ஒக்கினாவா எங்கே? கம்யூனிஸ்டுக் கட்சியின் ஏடும் சில கிறித்தவ வட்டாரங்களும் சிறு பத்திரிகைகளும் கேட்டன. பெரும் பத்திரிகைகள் நாடித்துடிப்பை எண்ணின. மெய்ஜி ககுயின் பல்கலைக்கழகத் தலைவர் மொரீ மக்கொத்தோ, தமது பல்கலைக்கழகம் இந்த அடக்கத்திற் சேராது என்று அறிவித்து மிரட்டல்களைப் பெற்றார்.

1988 டிசெம்பர் 7 ஆம் திகதி நாகசாக்கி மாநகரசபையில் கம்யூனிஸ்டு உறுப்பினர் ஒருவர் யுத்தப் பொறுப்புப் பற்றி வினா எழுப்பினார். விடையளிக்க எழுந்தவர் மேயர் மொத்தோஷிமா ஹித்தோஷி. அவர் இடதுசாரியல்லர், ஆளுங் கட்சியான தாராண்மை ஜனநாயகக் கட்சியின் ஆதரவோடு வந்தவர். ஒளித்து வழிபட்ட கிறித்தவர்களின் வழித்தோன்றல். யுத்தகாலத்திற் படையில் சேர்ந்து இளம் வீரர்களுக்குப் பயிற்சியளித்தவர். தாம் படித்த வரலாறுகளையும் படையிற் கண்ட அனுபவத்தையும் வைத்துப் பார்க்கும்போது பேரரசருக்கு யுத்தப் பொறுப்பு உண்டென்றே கருதுவதாக அவர் கூறினார். முன்னரே முடிவெடுத்திருந்தால் ஒக்கினாவாப் போரும் இரண்டு நகரங்களின் மேல் அணுகுண்டும் நேர்ந்திராது என்று பின்னர் செய்தியாளரிடமும் விளக்கினார். அணுகுண்டில் எரிந்த நகரத்தின் மேயர் அல்லவா? அவருக்குச் சொல்ல உரிமையில்லையென்றால் யாருக்கு உண்டு?

கட்சி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒலிபெருக்கி வண்டிகள் பல டசின் கணக்கில் நாகசாக்கிக்கு வந்து, அவர் சாகவேண்டுமென்று வீதி வீதியாகக் கூவின. சொன்னதை மீட்டுக்கொள்ளுமாறு கேட்டபோது, மீட்டுக்கொண்டால் தம் நெஞ்சுக்கு இறந்தவராவேன் என்று அவர் மறுத்தார்.

பிறகு கடிதங்கள் வரத்தொடங்கின. 7,300 இற்கு மேற்பட்ட கடிதங்களும் தந்திகளும் மேயருக்கு வந்தன. வைதவர்களும் உண்டு. பெரும்பாலோர் ஆதரித்தே எழுதியிருந்தனர். முன்னாட் போர்வீரர்களும், கணவனை இழந்தோரும், ஆசிரியர்களும், மாணவர்களும் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாததை எழுதியிருந்தனர். அவர்களிற் சிலர் அதே செப்டெம்பரில் நகரசபையின் ஏட்டில் நலம் வேண்டிக் கையெழுத்திட்டவர்களாயும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே கையிலிருந்து வரக்கூடாதென்று எந்த விதியும் இல்லை. முதியவர் ஒருவர் நலம்பெற வேண்டுமென்று விரும்புவதும், அவர் பெயரால் நடந்ததற்கு விடை வேண்டுமென்று விரும்புவதும் ஒரு மனத்தில் ஒருங்கே இருக்க முடியும். முன்னதற்கு ஏடு திறந்துவைத்த அரசு, பின்னதற்குத் திறக்கவில்லை. ஆகவே மக்கள் தம் செலவில் முத்திரை ஒட்டி அதனை நாகசாக்கிக்கு அனுப்பினர்.

சனவரி 7 இல் பேரரசர் இறந்தார். ஆடல் பாடல்களை இரண்டு நாள் தவிர்க்குமாறு அரசு கேட்டுக்கொண்டது. எல்லா அலைவரிசைகளிலும் விளம்பரமின்றி மன்னர் வரலாறே ஓடியது. நகரங்களில் வீடியோ வாடகைக் கடைகளில் கூட்டம் நிறைந்து வழிந்தது. மக்களின் மனநிலை பற்றி எழுதியவர்கள் இந்தச் சிறு செய்தியை அதிகம் பொருட்படுத்தவில்லை, நாம் பொருட்படுத்துகிறோம்.

மேயருக்கு அளிக்கப்பட்டிருந்த பொலிஸ் காவல் ஓராண்டின் பின்னர் தளர்த்தப்பட்டது. 1990 சனவரி 18 ஆம் திகதி நாகசாக்கி மாநகரசபைக் கட்டடத்தின் முன்னே வலதுசாரிக் கூட்டமொன்றைச் சேர்ந்தவன் அவரைப் பின்னாலிருந்து சுட்டான். குண்டு நெஞ்சை ஊடுருவியது. அவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய உடல் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் எந்தத் தொலைக்காட்சியும் மணிக்கு மணி அறிவித்துக்கொண்டிருக்கவில்லை. 1991 இல் நாகசாக்கி மக்கள் அவரை மீண்டும் மேயராகத் தெரிவுசெய்தனர்.